பிரதேச சபையோடு வேலை செய்யப்போகும் மாணவர் குழுவுக்கு: முதற் கடிதத்திலிருந்து பாதீடு வரை

யாழ் மாவட்டத்தில் ஓர் உள்ளூராட்சி மன்றத்தோடு சேர்ந்து, அந்தப் பகுதிக் குடும்பங்களின் வருமானம் ஒரு படியாவது ஏறும்படி ஒரு வேலையைச் செய்ய நினைக்கும் பல்கலைக்கழக மாணவருக்கு எழுதியது இது. குழுவில் 6 முதல் 8 பேர், ஒரு மேற்பார்வை விரிவுரையாளர், ஏறத்தாழ 10 மாதம் என்ற அளவில் கணக்கிட்டிருக்கிறோம்.

பெரும்பாலான குழுக்கள் முதல் நாளே வினாக்கொத்து அடிக்கத் தொடங்கிவிடுகின்றன. இங்கே அது ஆறாம் படியில்தான் வருகிறது. அதற்கு முன்னுள்ள ஐந்தையும் தாண்டிக் குதித்தால் கையில் மிஞ்சுவது தட்டச்சு செய்த ஓர் அறிக்கை மட்டும்.

1. சபை எது, செயலகம் எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

முதல் தடுக்கல் இந்த இடத்தில்தான். பிரதேச சபை மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்வது. பிரதேச செயலகம் மத்திய அரசின் நிர்வாக அலுவலகம். மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, 3 நகர சபைகள், 13 பிரதேச சபைகள் என 17 உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன. பிரதேச செயலகங்கள் 15. பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால், சபைக்கு எழுத வேண்டிய கடிதத்தைச் செயலகத்தில் கொடுத்துவிட்டு ஒரு மாதம் காத்திருப்பவர்கள் உண்டு.

விதானையார் (கிராம அலுவலர்), சமுர்த்தி உத்தியோகத்தர், பொருளாதார அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆகியோர் செயலகத்தின் ஆட்கள். தவிசாளர் (சபைத் தலைவர்), உறுப்பினர்கள், செயலாளர், வருமானப் பரிசோதகர், நூலகர் ஆகியோர் சபையின் ஆட்கள்.

ஒரு மனிதரின் வழியில் நடந்து பாருங்கள், விளங்கும். வேலணையில் ஓர் அக்கா ஒடியல் மாவும் பனங்கட்டியும் பொதிசெய்து விற்க நினைக்கிறார். வியாபாரப் பெயரைப் பதிவது பிரதேச செயலகத்தில். கடைக்கான உரிமம் பிரதேச சபையில். உணவுப் பொருள் என்பதால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்க வேண்டும். சந்தையில் ஒரு இடம் வேண்டுமென்றால் மறுபடியும் சபை. முதலுக்கு வங்கி அல்லது கூட்டுறவுச் சங்கம். நீங்கள் எடுக்க நினைக்கும் தொழில் எதுவாயினும், இப்படி எந்தப் படி எந்த அலுவலகத்தில் என்று ஒரு தாளில் எழுதுங்கள். சபையின் பெயர் வரும் படிகளுக்குக் கீழே கோடு போடுங்கள். உங்கள் வேலை அந்தக் கோட்டுக்குள் இருக்க வேண்டும்.

2. வேலையை ஒன்றாகச் சுருக்குங்கள்

"வறுமையை ஒழித்தல்" என்று தலைப்பிட்டு வரும் முன்மொழிவைச் சபை மரியாதையாக வாங்கிக் கோப்பில் வைத்துவிடும். அதில் சபை செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

மூன்று கேள்விகள் போதும். இதைச் சபையின் ஒரு தீர்மானத்தால் மாற்ற முடியுமா? மூன்று மாதத்துக்குள் ஏதாவது தெரியுமா? தெரிந்ததை எண்ண முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் மட்டும் எடுங்கள்.

சந்தையில் சிறு உற்பத்தியாளருக்கு இடம் ஒதுக்குவது இந்தச் சோதனையில் தேறும். வியாபார உரிமம் எடுக்க ஒருவர் சபைக்கு எத்தனை தடவை நடக்கிறார் என்று எண்ணி, அந்த எண்ணிக்கையைக் குறைப்பதும் தேறும். தாய்மார் வேலைக்குப் போகும் நேரத்துக்கு ஏற்பச் சபையின் முன்பள்ளி அல்லது பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தின் நேரத்தை மாற்றுவதும் அப்படியே.

கவனிக்காமல் விடப்படும் ஒன்று முன்கற்றல் அங்கீகாரம். 15 வருடம் மேசன் வேலை செய்தவருக்குச் சான்றிதழ் இல்லை. தேசிய தொழிற்தகைமை, ஊர்ப் பேச்சில் என்.வி.கியூ., வகுப்புக்குப் போகாமலே அனுபவத்தைச் சோதித்துத் தரப்படலாம். மதிப்பீடு செய்வது பயிற்சி நிறுவனங்கள், சபை அல்ல. ஆனால் விண்ணப்பம் நிரப்பும் மேசையைச் சபை நூலகத்தில் கிழமைக்கு ஒரு மாலை போடலாம். ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போதும் என்பதால் முதல் முறை வரும் குழுவுக்கு நல்ல தெரிவு.

இடத்தைத் தெரிவுசெய்யும்போது ஆசையைவிட பஸ்ஸைப் பாருங்கள். திருநெல்வேலி வளாக மாணவருக்கு நல்லூர்ப் பிரதேச சபை பக்கத்தில். நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகு ஏற வேண்டும். படகு நேரத்தைக் கழித்தால் களத்தில் நிற்கச் சில மணித்தியாலமே மிஞ்சும். அறிவியல்நகரில் படிப்பவர்கள் கிளிநொச்சிப் பக்கத்துச் சபையை நாடுவது புத்தி.

3. நாட்காட்டியைப் பின்னாலிருந்து போடுங்கள்

சபையின் நிதியாண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. அடுத்த ஆண்டுப் பாதீடு (வரவு செலவுத் திட்டம்) டிசம்பர் முடிய முன் நிறைவேற வேண்டும். வரைவு வேலை ஒக்டோபர், நவம்பரில் நடக்கிறது. எனவே உங்கள் முன்மொழிவு செப்டெம்பர் கடைசிக்குள் சபையின் மேசையில் இருக்க வேண்டும். ஜனவரியில் கொண்டுபோனால் எல்லோரும் நல்லது என்பார்கள், காசு மட்டும் இருக்காது.

அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். முன்னோட்டம், அதாவது வேலையைச் சிறிய அளவில் செய்து பார்ப்பது, ஜூன் முதல் ஓகஸ்ட். வீட்டுக் கணக்கெடுப்பு மே, சித்திரைப் புத்தாண்டு கழிந்த பின். அனுமதிகள் பெப்ரவரி, மார்ச். முதற் கடிதம் ஜனவரி. ஒக்டோபருக்குப் பிறகு மழை தொடங்கிவிடும், ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும். கள வேலையை அங்கே தள்ளாதீர்கள்.

நல்லூர்த் திருவிழா 25 நாள். மாநகர சபையோடு வேலை என்றால் அந்த நாட்களில் எவரையும் பிடிக்க முடியாது. பரீட்சை வாரங்களையும் முதலிலேயே சிவப்பால் குறித்துவிடுங்கள். அந்த மூன்று கிழமை நீங்கள் காணாமற்போனால் சபை உங்களை மறந்துவிடும்.

4. பல்கலைக்கழகப் பக்கத்து வேலையை முதலில் முடியுங்கள்

துறைத் தலைவர் அல்லது பீடாதிபதி கையொப்பமிட்ட கடிதம், மேற்பார்வை விரிவுரையாளரின் சம்மதம், நெறிமுறை மீளாய்வுக் குழுவின் அனுமதி ஆகிய மூன்றும் வேண்டும். கடைசியானதற்குத்தான் நாள் எடுக்கும். தரவு சேர்த்த பிறகு பின்திகதியிட்டு அதை வாங்க முடியாது. அனுமதியில்லாத தரவை ஆய்வுக் கட்டுரையிலும் பயன்படுத்த முடியாது, நாலு மாத உழைப்பு வீண்.

வேலைக்குப் புள்ளி உண்டா என்பதையும் இப்போதே கேளுங்கள். புள்ளி இல்லாத வேலையில் 8 பேரில் 3 பேர் பரீட்சைக்கு முதல் மாதமே கழன்றுவிடுவார்கள். அது அவர்கள் பிழையல்ல.

5. சபைக்குள் போகும் முறை

கடிதம் தவிசாளருக்கு, பிரதி செயலாளருக்கு. ஒரு பக்கம் மட்டும், தமிழில். என்ன வேலை, எந்த வட்டாரம், எத்தனை மாதம், சபையிடம் என்ன கேட்கிறீர்கள், என்ன கேட்கவில்லை. "நிதி எதுவும் கோரவில்லை" என்று ஒரு வரி எழுதினால் கதவு பாதி திறக்கும்.

இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்ட திகதி முத்திரை வாங்குங்கள். அது இல்லாமல் இரண்டு கிழமை கழித்துக் கேட்டால் "அப்படியொரு கடிதம் வரேல்லையே" என்பார்கள், நீங்களும் ஒன்றும் சொல்ல முடியாது. அடுத்த மாதாந்த அமர்வு எந்தத் திகதி என்றும் அந்த மேசையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தெரிந்த உறுப்பினர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு நுழைய வேண்டாம். வட்டாரமும் விகிதாசாரமும் சேர்ந்த இப்போதைய கலப்புத் தேர்தல் முறையில் ஒரு கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை கிடைப்பது அரிது. ஒருவர் பிள்ளைகளாக நீங்கள் அடையாளப்பட்டால், வாக்கெடுப்பு வரும்போது மற்றவர்கள் எதிராகக் கை உயர்த்துவார்கள். எல்லாக் கட்சி உறுப்பினரையும் ஒரே கிழமையில் சந்தியுங்கள். தவிசாளரோடு எடுத்த படத்தை அன்றே முகநூலில் போடும் பழக்கத்தையும் விடுங்கள்.

வேலையை உண்மையில் நகர்த்துபவர் செயலாளர். உறுப்பினர்கள் தேர்தலோடு மாறுவார்கள், கோப்பு செயலாளரின் அலுமாரியில் இருக்கும். அவரிடம் ஒரு தொடர்பு உத்தியோகத்தரைப் பெயர் குறித்துத் தரும்படி கேளுங்கள்.

பிறகு இரண்டு பக்கப் புரிந்துணர்வுக் குறிப்பு. யார் என்ன செய்வது, தரவு யாரிடம் இருக்கும், எந்தத் திகதியில் முடியும், நடுவில் நின்றால் என்ன செய்வது. பல்கலைக்கழகப் பேரவை வரை போகும் பெரிய உடன்படிக்கையை மாணவர் வேலைக்குக் கேட்டால் அது கையொப்பமாகும்போது நீங்கள் பட்டம் வாங்கியிருப்பீர்கள். துறை மட்டத்துக் கடிதப் பரிமாற்றம் போதும்.

6. தரவு: முதலில் இருப்பதை எடுங்கள்

சபையில் சந்தைக் குத்தகைப் பதிவேடு, வியாபார உரிமப் பதிவேடு, ஆதன வரிப் பதிவேடு உண்டு. மாவட்டச் செயலகத்தின் புள்ளிவிபரக் கையேட்டில் பிரதேச வாரியாகக் குடும்ப எண்ணிக்கையும் தொழில்களும் கிடைக்கும். இவற்றை வாசிக்காமல் வீட்டுக்கு வீடு போவது மக்களின் நேரத்தைத் திருடுவது.

பதிவேடு தர மறுத்தால் சண்டை பிடிக்க வேண்டாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பித்தால், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். ஆனாலும் இது கடைசி ஆயுதம். கூட்டாளியாக நுழைந்த இடத்தில் முதல் கிழமையே சட்டத்தை நீட்டினால் அதற்குப் பிறகு தேத்தண்ணி கிடைக்காது.

வீட்டுக் கணக்கெடுப்புக்கு 60 குடும்பம் போதும். இரண்டிரண்டு பேராக 3 சோடி, ஒரு வீட்டுக்கு 40 நிமிடம், சோடிக்கு நாளொன்றுக்கு 4 வீடு. ஒரு நாளில் 12, ஐந்து நாளில் 60. ஒரு சோடி ஒரு நாளில் 8 வீடு முடித்து வந்தால் சந்தோசப்படாதீர்கள். கடைசி நாலும் ஒழுங்கைக்குள் நின்று நிரப்பியவையாக இருக்கும். முதலில் 5 வீட்டில் வினாக்கொத்தைச் சோதித்து, விளங்காத கேள்விகளை எறியுங்கள்.

"உங்கட மாத வருமானம் எவ்வளவு?" என்ற கேள்வியை வெட்டிவிடுங்கள். அரசின் நலன்புரி உதவியான அஸ்வெசும கொடுப்பனவு 2023 இல் தொடங்கியதிலிருந்து, கையில் தாளோடு வருபவர் எவரும் அந்தப் பட்டியலிலிருந்து பெயரை வெட்ட வந்தவர் என்ற பயம் வீடுகளில் இருக்கிறது. கேட்டால் உண்மையிலும் குறைவான தொகைதான் வரும். கேள்விகளை இப்படி மாற்றுங்கள்:

போன கிழமை வீட்டில் ஆர் ஆர் வேலைக்குப் போனார்கள், எத்தனை நாள்? அந்த வேலைக்கு நாட்கூலி எவ்வளவு? எந்த மாதங்களில் வேலை இல்லை? அந்த மாதங்களை எப்படிச் சமாளிக்கிறீர்கள், சீட்டா, அடகா, கடனா? வெளிநாட்டுக் காசு பற்றிய கேள்வி கடைசியில், விரும்பினால் மட்டும்.

நாளையும் கூலியையும் பெருக்கினால் வருமானம் தானே வரும். வேலையில்லா மாதங்களைக் கேட்பது முக்கியம். கடற்றொழில் வீட்டில் வாடைக் காற்றுக் காலத்துக்கும் சோளகக் காற்றுக் காலத்துக்கும் வருமானம் ஒன்றல்ல. மே மாதத்தில் கேட்ட ஒற்றை எண்ணை 12 ஆல் பெருக்கினால் பொய்க் கணக்கு.

அடையாள அட்டை இலக்கம் எடுக்காதீர்கள். வீட்டுக்கு ஒரு குறியீட்டு இலக்கம் கொடுத்து, பெயர்ப் பட்டியலை வேறு கோப்பில் வையுங்கள். பெயரோடுள்ள பட்டியலைச் சபை கேட்டாலும் கொடுக்கக்கூடாது. ஐந்தாம் படிக் குறிப்பில் இதை எழுதியிருந்தால் மறுப்பது சுலபம்.

7. களத்தில் நிற்கும் முறை

போவதற்கு முன் விதானையாருக்குச் சொல்லுங்கள். ஊரின் சனசமூக நிலையத்தை நீங்கள் கூடும் இடமாக்குங்கள். மாலையில் பத்திரிகை வாசிக்க வரும் பெரியவர்களிடம் அரை மணித்தியாலம் இருந்தால் ஊரின் பாதிக் கதை தெரிந்துவிடும். ஒவ்வொரு சோடியிலும் ஒரு பெண் பிள்ளை இருக்க வேண்டும். பகலில் வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே, பெண் தலைமைத்துவக் குடும்பங்களும் பல.

நேரத்தைத் தொழில் பார்த்து எடுங்கள். இரவில் கடலுக்குப் போனவர் காலையில் நித்திரை. தோட்டக்காரர் விடிய இறைப்பில் நிற்பார், 11 மணிக்குப் பிறகு வீட்டில் பிடிக்கலாம்.

படலையடியில் ஒரு அம்மா சொல்லக்கூடும்: "பிள்ளையள், போன வருஷமும் ரெண்டு பேர் வந்து பதிஞ்சுகொண்டு போனவை. பிறகு ஆளைக் காணேல்லை." அதற்குச் சரியான பதில் ஒன்றே. எந்த மாதம் திரும்பி வந்து என்ன சொல்வீர்கள் என்று திகதியோடு சொல்வது. "உதவி கிடைக்கும்" என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். ஒருவர் சொன்னால் மறுநாள் மற்ற வீடுகளின் பதில்கள் எல்லாம் உதவிக்கு ஏற்ற பதில்களாக மாறிவிடும்.

8. முன்னோட்டம்: சந்தையை எடுத்தால்

அதிகம் சறுக்குவது இந்தப் படியில் என்பதால் விரித்து எழுதுகிறோம். சந்தையின் ஒரு மூலையில் 10 சிறு உற்பத்தியாளருக்கு, கிழமைக்கு இரண்டு காலை, 8 கிழமைக்கு இடம் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் குத்தகை ஒப்பந்தத்தை வாசியுங்கள். சபை சந்தை வரியை அறவிடும் உரிமையை ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்திருந்தால், அந்த மூலையில் இருப்பவரிடம் காசு வாங்கும் உரிமை குத்தகைக்காரருக்கு உண்டு. இதைப் பார்க்காமல் "இலவச இடம்" என்று அறிவித்தால் முதல் நாள் காலை 6 மணிக்கே வாய்த்தர்க்கம் தொடங்கும், அகப்படுவது மரக்கறிக் கடகத்தோடு நிற்கும் அக்கா. குத்தகைக்காரரையும் செயலாளரையும் ஒரே மேசையில் இருத்தி, அந்த 16 காலைகளுக்கும் என்ன ஏற்பாடு என்று எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்து, நிரந்தர வியாபாரிகள். அவர்கள் எதிரிகள் அல்லர், கடை வாடகை கட்டுபவர்கள். அவர்கள் விற்காத பொருளை முன்னுக்கு வையுங்கள்: பனம் பொருட்கள், கீரை, பொதிசெய்த மா வகை.

தராசில் அளவீட்டுத் திணைக்களத்தின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுத் தராசு சந்தையில் செல்லாது.

இனிக் கணக்கு. எங்கள் சந்தைகளில் மொத்தமாகக் கொடுக்கும் தோட்டக்காரரிடம் நூற்றுக்கு 10 கழிவு எடுக்கும் வழக்கம் பழைய முறைப்பாடு. 100 கிலோ கத்தரிக்காய் கொண்டுபோனால் 90 கிலோவுக்கே காசு. கிலோ 150 ரூபா என்றால் 1500 ரூபா போய்விட்டது. இதைப் பார்த்ததும் "நேரடியாக விற்றால் 1500 ரூபா லாபம்" என்று எழுதிவிடுவீர்கள். எழுதாதீர்கள். மொத்தமாகக் கொடுத்தவர் 7 மணிக்கு வீடு திரும்பி இறைப்புப் பார்க்கிறார். நேரடியாக விற்பவர் 11 மணி வரை குந்தியிருக்கிறார். அந்த அரை நாட்கூலி, மிஞ்சிய காய், ஓட்டோக் கூலி மூன்றையும் கழித்த பிறகு மிஞ்சுவதே லாபம். பெருந்தொகையாக விளைவிப்பவருக்கு நேரடி விற்பனை நட்டமாகவும் முடியலாம். 10, 15 கிலோ கொண்டுவருபவருக்கே அது பெரும்பாலும் பொருந்தும். ஆட்களைத் தெரிவுசெய்யும்போதே இதைக் கவனியுங்கள்.

ஒவ்வொருவருக்கும் 40 பக்கக் கொப்பி ஒன்று கொடுங்கள். ஆறு நிரல்: கொண்டுவந்தது, விற்றது, மிஞ்சியது, கைக்கு வந்த காசு, போக்குவரத்து, நின்ற மணித்தியாலம். முன்னோட்டம் தொடங்க முன் இரண்டு கிழமை பழைய முறையில் விற்கும்போதும் இதே கொப்பியை எழுத வையுங்கள். ஒப்பிட முந்திய எண் இல்லாவிட்டால் பிந்திய எண்ணுக்கு அர்த்தமில்லை. கொப்பியை ஒவ்வொரு சந்தை நாளும் அங்கேயே படம் எடுங்கள். எட்டாம் கிழமை ஒரேயடியாக வாங்கினால், ஒரே பேனையால் ஒரே இரவில் எழுதிய கொப்பி வரும்.

இடையில் விலகுபவர்களைக் கணக்கிலிருந்து எடுக்காதீர்கள். 10 பேரில் 4 பேர் விலகினால், ஏன் விலகினார்கள் என்பது மிச்ச 6 பேரின் லாபத்தைவிடச் சபைக்குப் பயன்படும்.

9. சபை முன் வைத்தல்

முதலில் சபையின் சம்பந்தப்பட்ட குழுக் கூட்டத்தில், பிறகு மாதாந்த அமர்வில். நேரே அமர்வுக்குப் போனால் உறுப்பினர்கள் முதன்முறையாகக் கேட்பதை எதிர்ப்பார்கள்.

இரண்டு பக்கம். முதற் பக்கத்தில் மூன்று எண்களும் ஒரு பட்டியலும். இரண்டாம் பக்கத்தில் பிரேரணை வாசகம், செலவு, அது பாதீட்டின் எந்தத் தலைப்பில் வரும், பொறுப்பான உத்தியோகத்தர் யார். பிரேரணையை நீங்களே வரைந்து கொடுங்கள். முன்மொழிய ஓர் உறுப்பினர், வழிமொழிய வேறு கட்சி உறுப்பினர் என்று செயலாளர் மூலம் கேளுங்கள். "ஆவன செய்தல்" என்று முடியும் பிரேரணை நிறைவேறும், ஒன்றும் நடக்காது. "2 ஆம் வாயிலுக்கு அருகிலுள்ள இடத்தை, செவ்வாய், சனி காலைகளில், ஜனவரி முதல்" என்று எழுதினால் நடக்காதபோது கேட்க முடியும்.

40 படவில்லைகள் கொண்டுபோகாதீர்கள். மின்சாரம் நிற்கலாம். சந்தையில் விற்ற 10 பேரில் ஒருவரை அழைத்துப் போய் அவரை 3 நிமிடம் பேசவிடுங்கள்.

10. கையளித்தல்

சொன்ன மாதத்தில் 60 வீட்டுக்கும் ஒரு பக்கத் தாளோடு திரும்பிப் போங்கள். முடியாவிட்டால் சனசமூக நிலையத்தில் ஒரு மாலைக் கூட்டமாவது வையுங்கள். சபை மறுத்திருந்தால் மறுத்ததையும் சொல்லுங்கள்.

அடுத்த அணி மாணவர் வேலையை எடுக்கிறார்கள் என்றால் தொடர்பு உத்தியோகத்தரை நேரில் அறிமுகப்படுத்துங்கள், தொலைபேசி இலக்கம் மட்டும் கொடுத்தால் போதாது. பெயர்ப் பட்டியலை மேற்பார்வையாளரிடம் ஒப்படைத்து, உங்கள் கைபேசிகளில் உள்ளதை அழியுங்கள். கொப்பிப் படங்களும் எக்செல் தாள்களும் பெரும்பாலும் யாரோ ஒரு மாணவரின் சொந்த ஜீமெயிலில்தான் கிடக்கும். அவர் வெளிநாடு போன பிறகு கடவுச்சொல் கேட்டு வட்ஸ்அப்பில் அலைவார்கள். வேலை தொடங்கும் நாளிலேயே துறையின் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, கடவுச்சொல்லை உறையில் போட்டு ஒட்டித் துறை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.